பாஹிமுக்கு ஒரு தட்டு

ஓட்டமாவடி
08.04.2025

அன்புத் தம்பி இஷாமுக்கு ராத்தா ஸஹீதாவின் ஸலாம். உடம்பு எப்படி? அங்கே குளிர் விட்டுவிட்டதா? நான் சுகம். சுகம் என்று எழுதுவதுதான் வழக்கம், அதனால் எழுதிவிட்டேன்.

பத்துத் தரம் அழைத்தும் நான் போனைத் தூக்கவில்லை என்று உனக்குக் கோபம் இருக்கும். காரணத்தைச் சொல்கிறேன், சிரிக்காதே. மார்ச்சில் நான் உன்னோடு கதைத்துக்கொண்டிருந்தபோது ஒரு வெளிநாட்டு நம்பர் குறுக்கே வந்து நின்றுபோனது. திருப்பி எடுத்தேன், போகவில்லை. அது உன் மச்சானாக இருந்திருந்தால்? அன்றிலிருந்து நான் போனில் யாரோடும் கதைப்பதில்லை. பெரிய போனில் சார்ஜ் நிற்பதில்லை என்று சிம்மைக் கழற்றிப் பழைய பட்டன் போனில் போட்டு இடுப்பில் செருகியிருக்கிறேன். வாட்ஸ்அப்பும் இல்லை. இனி உனக்குக் கடிதம்தான்.

பெப்ரவரி பதினாறாம் திகதி நல்லரத்தினம் அண்ணனும் உன் மச்சானும் வாழைச்சேனையில் மீனுக்குப் போட் ஏறினார்கள். இரண்டே பேர், ஒரு இஞ்சின், மூன்று நாள் சாப்பாடு. இன்றைக்கு ஐம்பத்தொரு நாள். நோன்பும் போய்ப் பெருநாளும் போய்விட்டது. தேடினார்கள், கிடைக்கவில்லை.

மாமி என்னோடு வந்து இருக்கிறார். மகனைப் பெற்றவர், அவரை நான் குறை சொல்லக் கூடாது. ஆனால் வந்த கையோடு வெள்ளைத் துணியும் வாங்கி என் அலுமாரியில் வைத்திருக்கிறார். "நாள் போகுது மனே, இத்தாவை இரு. என்ட புள்ளைக்கு ஒரு துஆ ஓத வழி விடு" என்று காலையும் மாலையும் சொல்கிறார். நாலு மாதமும் பத்து நாளும் விதவை என்று வெள்ளை உடுத்து நான் வீட்டுக்குள் இருந்தால், அவர் மௌத்து என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி. "மையித்தைக் காட்டுங்க, உடலைக் கண்டா இருக்கன்" என்று சொல்லிவிட்டேன். அவர் அழுதார். நானும் அழுதேன், ஆனால் அடுப்படியில்.

நீ அங்கே என்ன தின்கிறாய் என்று எழுது. வேறு ஏதாவது வாசிக்க வேண்டும் போல் இருக்கிறது.

துஆவில் என்னைச் சேர்த்துக்கொள்.
ஸஹீதா


தொயாமா, ஜப்பான்
22.04.2025

என் பாசமுள்ள ராத்தாவுக்கு இஷாமின் ஸலாம். நான் நலம். பழைய கார் உடைக்கும் வேலையில் கை மட்டும் எந்நேரமும் கறுப்பு. உங்கள் கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். போனைப் பற்றி நான் சிரிக்கவில்லை.

சாப்பாட்டைக் கேட்டீர்கள். யார்டுக்குப் பக்கத்தில், துறைமுக ரோட்டில், ஒரு சின்னக் கடை இருக்கிறது. வாசலில் நீலத் துணி தொங்கும், குனிந்துதான் உள்ளே போகவேண்டும். எட்டுக் கதிரை, மூலையில் ஒரு மேசை. சமைப்பதும் பரிமாறுவதும் காசு வாங்குவதும் கிமிகோ என்ற ஒரே பெண்மணி. அறுபது வயதிருக்கும். லொறிக்காரர்களும் மீன் சந்தைக்காரர்களும் வந்து பத்து நிமிடத்தில் தின்றுவிட்டு ஓடுவார்கள். எல்லாம் ஒரே தட்டில் வரும்: பொரித்த மீன், சோறு, மூடி போட்ட கிண்ணத்தில் மிசோ என்ற சூப் மாதிரி ஆணம், முள்ளங்கி ஊறுகாய்.

இங்கே கறியில் அரிசிக் கள் ஊற்றுவார்கள். எனக்கு ஆகாது, பன்றியும் ஆகாது என்று போனில் மொழிபெயர்த்துக் காட்டினேன். கிமிகோ மூன்று தரம் வாசித்தார். மறுநாள் போனால் எனக்கென்று புதுத் தாச்சி ஒன்று ஆணியில் தொங்குகிறது, பிடியில் சிவப்பு நூல் கட்டி. உப்பு மட்டும் போட்டு மீன் சுட்டுத் தருகிறார். உங்கள் கை ருசி இல்லைதான், பசிக்கு அது தெரியாது.

ஒருநாள் இடமில்லை என்று மூலை மேசையில் போய்க் குந்தினேன். சட்டையைப் பிடித்து எழுப்பிவிட்டார். அங்கே ஒரு முழுத் தட்டு இருந்தது, ஆள் இல்லை. அது அவருடைய மகன் தைகோவுக்காம். சூரை மீன் பிடிக்கிற பெரிய கப்பலில் போய் எட்டு மாதம். தூரப் போன ஆளுக்கு வீட்டில் நாளாந்தம் ஒரு தட்டு வைப்பது இவர்களின் பழைய வழக்கமாம். போன இடத்தில் பட்டினி கிடக்கக் கூடாது என்று. இறந்தவருக்கு வைப்பது வேறு, இது உயிரோடு இருப்பவருக்கு என்று அழுத்திச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து ஆணக் கிண்ணத்தின் மூடியைத் தூக்கிப் பார்ப்பார். உள்பக்கம் வேர்த்திருந்தால் மகன் சுகம். காய்ந்திருந்தால் ஏதோ ஆபத்து.

நம் மார்க்கத்துக்கு இது சரிவராது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவர் மூடியைத் தூக்கும்போது நானும் எட்டிப் பார்த்தேன்.

உடம்பைப் பாருங்கள். மாமிக்கு என் ஸலாம்.
இஷாம்


ஓட்டமாவடி
07.05.2025

தம்பிக்கு ஸலாம். சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. எனக்கு வேறு நோய் ஒன்றும் இல்லை.

உன் கடிதத்தில் தைகோ வந்த இடத்தை மட்டும் மடித்து வைத்திருக்கிறேன். மாமிக்குக் காட்டவில்லை. காட்டினால் "ஷிர்க்" என்று, அல்லாஹ்வுக்கு இணை வைத்தேன் என்று, ஊரைக் கூட்டுவார். உயிரோடு இருப்பவருக்கு வைக்கிற தட்டு என்று அந்த மனுசி சொன்னாரல்லவா? இந்த ஊரில் அப்படி ஒரு தட்டு இல்லையே தம்பி. இங்கே எல்லாரும் மௌத்தானவருக்கு ஓதிக் கொடுக்கிற கத்தம் சோற்றுக்குத்தான் அவசரப்படுகிறார்கள்.

அவரிடம் கேட்பாயா, உன் மச்சானுக்கும் ஒன்று வைக்கச் சொல்லி? கேட்க வெட்கமாக இருந்தால் விடு. இல்லை, விடாதே, கேள்.

ராத்தா ஸஹீதா


தொயாமா
18.05.2025

ராத்தாவுக்கு ஸலாமும் அன்பும். நான் நலம்.

கேட்டேன். போனில் எழுதிக் காட்டினேன்: என் ராத்தாவின் மாப்பிள்ளை, கடலுக்குப் போனவர், மூன்று மாதம். கிமிகோ வாசித்தார். "அவருக்கு என்ன பிடிக்கும்?" என்று மட்டும் கேட்டார். கணவாய் என்றேன். முந்தாநாள் ஜும்ஆ முடிந்து போனபோது மூலை மேசையில் இரண்டு தட்டு. ஒன்றில் உப்புத் தடவிச் சுட்ட கணவாய். பேர் கேட்டு, "பாஹிமு-சான்" என்று மரியாதையாகச் சொல்லி வைத்தார்.

பத்து நிமிடம் கழித்து என்னையே மூடியைத் தூக்கச் சொன்னார். தூக்கினேன் ராத்தா. உள்ளே துளித் துளியாக வேர்த்திருந்தது. கிமிகோ என் முதுகில் தட்டினார். அந்தச் சாப்பாட்டை வீசக் கூடாதாம், வீட்டு ஆள்தான் தின்னவேண்டுமாம். நான் தின்றேன்.

இனி ஒவ்வொரு வெள்ளியும் வைப்பார். நான் உங்களுக்கு எழுதுவேன். நீங்களும் சாப்பிடுங்கள்.
இஷாம்


வாட்ஸ்அப்பில் வந்தது
டோஹா, 29.05.2025

இஷாம், அக்ரம் எழுதுகிறேன். நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை, மன்னித்துக்கொள்.

இன்று போட் முதலாளி எனக்கு அழைத்தார். நல்லரத்தினம் உயிரோடு இருக்கிறார். பர்மாக்காரரின் மீன்பிடிப் படகு ஒன்று மார்ச் கடைசியில் அவரைத் தூக்கியிருக்கிறது. இரண்டு மாதம் அங்கே ஆஸ்பத்திரியில் நினைவில்லாமலும் நினைவோடும் கிடந்து, இப்போதுதான் ஒரு போன் பேச விட்டிருக்கிறார்கள். ஊரில் அவருக்கென்று யாரும் இல்லை, முதலாளியின் நம்பர்தான் ஞாபகம் இருந்ததாம்.

எங்கள் நானா பாஹிம், என் கூடப்பிறந்தவர், மௌத்து. இன்னாலில்லாஹி. போட்டிலேயே, நோன்பு எட்டில். நல்லரத்தினம் தன் கையாலேயே கடலில் இறக்கியிருக்கிறார். அந்த நாளைத் திரும்பத் திரும்பச் சொன்னாராம், ஸஹீதாவிடம் கட்டாயம் சொல்லுங்கள் என்று.

இதை ஸஹீதா மச்சிக்கு நீதான் சொல்லவேண்டும். உம்மா இத்தா இத்தா என்று நெருக்கியதில் எங்கள் வாயில் வருவதெல்லாம் பொய் என்றே மச்சி நினைக்கிறார். நீ சொன்னால்தான் நம்புவார். உம்மாவிடமும் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் கத்துவார், அந்தச் சத்தத்தில் மச்சி கேட்கக் கூடாது. நீ சொல்லும்வரை வாய் திறக்கவேண்டாம் என்று முதலாளியிடமும் சொல்லியிருக்கிறேன். தாமதிக்காதே.
அக்ரம்


ஓட்டமாவடி
02.06.2025

என் தம்பிக்கு ஸலாம். நீ நலமாக இருக்கவேண்டும், உன் கிமிகோவும் நலமாக இருக்கவேண்டும். நான் இரண்டு நாளாக நன்றாகச் சாப்பிடுகிறேன்.

உன் கடிதம் வந்த அன்றே நானும் சொதி காய்ச்சி மூடிப் பார்த்தேன். வேர்த்திருந்தது. பிறகு வெறும் சுடுதண்ணீரை மூடிப் பார்த்தேன். அதுவும் வேர்த்தது. உன் ராத்தா மடைச்சி இல்லையடா. சூடாக ஊற்றி மூடினால் எந்தக் கிண்ணமும் வேர்க்கும். அந்த மனுசிக்கும் அது தெரிந்துதான் இருக்கும்.

ஆனால் ஏழு கடலுக்கு அப்பால் ஒருத்தி அவருக்குப் பிடித்ததைக் கேட்டுச் சமைத்தாளே, அது போதும். மற்றது, நீ எழுதியது. நீ சின்ன வயதிலிருந்து என்னிடம் பொய் சொன்னதில்லை. வாப்பாவின் சைக்கிளை வாவியில் விட்டதைக்கூட என்னிடம்தான் முதலில் வந்து சொன்னாய். ஊர் சொல்வதை நான் கேட்கமாட்டேன். நல்லதோ கெட்டதோ, நீ சொன்னால் கேட்பேன்.

மாமி வாங்கிய வெள்ளைத் துணியை நேற்று அவருடைய பெட்டியில் திருப்பி வைத்துவிட்டேன். பச்சைச் சேலை உடுத்துச் சந்தைக்கும் போய் வந்தேன். பார்த்தவர்கள் பார்க்கட்டும்.

ஸஹீதா


தொயாமா
19.06.2025

ராத்தாவுக்கு ஸலாம். நான் நலம், நீங்களும் நலமாக இருக்கவேண்டும். பதில் பிந்தியது, யார்டில் வேலை கூட.

இங்கே கோடை தொடங்கிவிட்டது. கிமிகோவின் கடையில் இப்போது குளிர்ந்த நூடுல்ஸ். ஐஸ் தண்ணீரில் போட்டு வரும், நூல் மாதிரி மெல்லியது, சாற்றில் தோய்த்து உறிஞ்சவேண்டும். சத்தம் போட்டு உறிஞ்சினால்தான் மரியாதையாம். உம்மா பார்த்தால் மண்டையில் குட்டுவார். கத்தரிக்காயைத் தணலில் சுட்டுத் தோலுரித்து இஞ்சி துருவிப் போடுவார்கள், நம் ஊர்க் கத்தரிக்காய் மாதிரியே இருக்கும். போன வாரம் சின்ன மத்தி மீன், தலையோடு. ஒரு லொறிக்காரர் எனக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார். கடைக்குப் புது மின்விசிறி போட்டிருக்கிறார்கள். நாடிக்குக் கீழே பிடித்து உண்கிற கிண்ணம் ஒன்று உடைந்து அதை ஒட்டி வைத்திருக்கிறார்கள். முள்ளங்கி விலை கூடிவிட்டதாம்.

தட்டு வைக்கிறார். மூடி வேர்த்திருந்தது.

வேறு ஒன்றுமில்லை. உடம்பைப் பாருங்கள், நேரத்துக்குத் தூங்குங்கள்.
இஷாம்


வாட்ஸ்அப்பில் வந்தது
டோஹா, 30.06.2025

இஷாம், சுகமா? சொன்னாயா இல்லையா? நாலு தரம் கேட்டுவிட்டேன், நீல அடையாளம் மட்டும் விழுகிறது. நல்லரத்தினத்துக்குக் கடுதாசி எல்லாம் சரியாகிவிட்டது, அடுத்த மாதம் நடுவில் வந்துவிடுவார். அவர் நேரே மச்சி வீட்டுக்குத்தான் போவேன் என்கிறார். ஊரான் சொல்லி மச்சி கேட்கக் கூடாது. அல்லாஹ்வுக்காக எழுது.
அக்ரம்


தொயாமா
09.07.2025

ராத்தா, ஸலாம். இதை உட்கார்ந்து வாசியுங்கள். மாமியைப் பக்கத்தில் கூப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மச்சான் மௌத்து. நோன்பு எட்டில், போட்டில். நல்லரத்தினம் அண்ணன் பக்கத்தில் இருந்திருக்கிறார், அவர் உயிரோடு வருகிறார். அக்ரம் எனக்கு மே கடைசியிலேயே சொல்லிவிட்டான்.

அன்று வியாழன். மறுநாள் கடைக்குப் போனேன். கிமிகோ வழக்கம் போலக் கணவாய் சுட்டு "பாஹிமு-சான்" என்று வைத்தார். நான் அவரிடமும் சொல்லவில்லை. மூடியைத் தூக்கச் சொன்னார், தூக்கினேன். பிறகு தின்னச் சொன்னார். மச்சானுக்கு வைத்த சோற்றை, அவர் இல்லை என்று தெரிந்துகொண்டே, மிச்சம் வைக்காமல் தின்றேன் ராத்தா. ஐந்து வெள்ளி அப்படித் தின்றேன். போன வெள்ளி தட்டைத் தள்ளி வைத்தேன். கடை நடுவே அழுதுவிட்டேன். கிமிகோ எல்லாம் விளங்கிக்கொண்டு தட்டை எடுத்துப் போய்விட்டார்.

சொல்லவேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். நீங்கள் சாப்பிடுகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். பச்சைச் சேலை உடுத்தேன் என்று எழுதியிருந்தீர்கள். அதை என் கையால் உருவ மனம் வரவில்லை. எப்போது கேட்டாலும் கேட்ட நாளிலிருந்து நாலு மாதம் பத்து நாள் இத்தா இருக்கத்தானே போகிறார், கொஞ்சம் பிந்தினால் என்ன குறை, இன்னும் இரண்டு வாரம் நிம்மதியாக இருக்கட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தேன்.

இந்தப் பொய் என்னுடையது. என்னை ஏசுங்கள். ஆனால் எழுதுங்கள்.
இஷாம்


ஓட்டமாவடி
27.07.2025

இஷாமுக்கு, ஸலாம்.

உன் கடிதம் இருபத்திநாலாம் திகதி வந்தது. நல்லரத்தினம் அண்ணன் இருபதாம் திகதியே வந்துவிட்டார். தடி ஊன்றிக்கொண்டு வந்தார். ஒரு ஆளில் பாதி ஆள். வாசலில் நின்றபடியே அழுதார். மாமி தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"தங்கச்சி, இஞ்சின் நிண்டு, கொண்டு போன சோறு முடிஞ்சு, வெறும் மழைத்தண்ணியில கிடந்தம். ஒருநாள் பொழுதுபட பாஹிம் பிறை கண்டாரு. 'நல்லரத்தினம், நோன்பு வந்திட்டு. இனி இது பட்டினி இல்ல, நோன்பு' எண்டு சிரிச்சாரு. அண்டையிலிருந்து நாள் எண்ணினாரு. எட்டாம் நாள் விடிய எழும்ப ஏலாமப் போச்சு. என்ட கையப் பிடிச்சு, 'இண்டைக்கு நோன்பு எட்டு. நீ தப்பினா இதை மட்டும் மறந்திராத. ஸஹீதாட்டச் சொல்லு. அவ நாள் எண்ண வேணும்' எண்டாரு. பின்னேரம் போயிட்டாரு. நான் அந்த ஆஸ்பத்திரியில பேர் கேட்டாலும் நோன்பு எட்டு எண்டுதான் சொன்னனாம்."

நான் மாமியின் பெட்டியைத் திறந்து வெள்ளைத் துணியை எடுத்தேன். எனக்கு அப்போது ஒரு ஆறுதல் இருந்தது, சொன்னால் நம்பமாட்டாய். அவர் எனக்கு என்று ஒரு வேலை சொல்லி அனுப்பியிருக்கிறார், அதைச் செய்யப் போகிறேன் என்று. மாமி மௌலவியைக் கூப்பிட்டு அனுப்பினார்.

மௌலவி திரைக்கு அந்தப் பக்கம் இருந்து நாளைக் கேட்டார். நோன்பு எட்டு என்றேன். விரலில் எண்ணினார். இரண்டாம் தரமும் எண்ணினார். "இத்தா மௌத்தான நாளிலிருந்துதான் தொடங்கும் மகள், கேள்விப்பட்ட நாளிலிருந்து இல்ல. முஹர்ரம் பதினெட்டோட உங்கட நாள் முடிஞ்சிட்டு. ஆறு நாள் கடந்து போச்சு" என்றார். சும்மாவாவது இருக்கிறேனே என்று கேட்டேன். "இல்லாத கடமையை உண்டாக்கக் கூடாது. நீங்க இப்ப வெளிய போகலாம், வரலாம். நாடினா மறுமணமும் முடிக்கலாம்" என்றார். நல்ல மனிதர், மெதுவாகத்தான் சொன்னார். மாமி துணியை என் மடியிலிருந்து எடுத்து மடித்தார். மடித்துக்கொண்டே, "நான் சொல்லக்குள்ள நீ இருந்திருக்கலாமே" என்றார். பிறகு என் தலையைப் பிடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார். அவரும் ஒரு பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்தவர்தானே.

உன் மேல் எனக்கு வெறுப்பு இல்லை. நான் சாப்பிடவேண்டும் என்று நீ பொய் சொன்னாய், அது விளங்குகிறது. நான் உன்னிடம் கேட்டது ஆறுதல் இல்லை. நல்லதோ கெட்டதோ நீ சொன்னால் கேட்பேன் என்று எழுதியிருந்தேன். நீ எனக்கு நூடுல்ஸ் எழுதினாய்.

மே இருபத்தொன்பதில் உனக்குத் தெரியும். என் நாட்கள் முடிந்தது ஜூலை பதினாலில். நான் கணக்குப் பார்த்தேன், நாற்பத்தாறு நாள். அந்த நாற்பத்தாறு நாளும் நான் தலை சீவி, கண்ணுக்கு மை வைத்து, நிறச் சேலையோடு சந்தையில் மீன் பேரம் பேசிக்கொண்டு நின்றேன். தண்ணீருக்கு நா வறண்டு கிடந்த மனிதன், கடைசியாக இருந்த மூச்சில், தன் பெண்டாட்டி சரியாக எண்ணவேண்டும் என்று எனக்காக ஒரு நாளைச் சொல்லி அனுப்பினார். அதை நல்லரத்தினம் அண்ணன் தன் பேரைக்கூட மறந்த நிலையில் மறக்காமல் வைத்திருந்தார். நீ கையில் வாங்கி வைத்துக்கொண்டாய்.

அவருக்காக ஒரு நாளாவது நான் இருந்திருப்பேன், இஷாம்.

ஸஹீதா